ஊமையான கீபோர்டு மீண்டும் பாடும்



தோட்டத்துத் திருவிழா மேடைகளில் நம் பாட்டுக் குழுவினர் வாசித்த கீபோர்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1990களில் சீட்டுக் கட்டி, நன்கொடை திரட்டி வாங்கிய அக்கருவிகள் பல, இன்று கோவில் சாமான் அறையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. கட்டைகள் கெடவில்லை, ஒலியும் வருகிறது. பிளாப்பி தட்டைப் படிக்கும் பெட்டிதான் பழுதாகிவிட்டது.

எங்கள் தோட்டத்துக் குழுவின் கீபோர்டும் அப்படித்தான். காலஞ்சென்ற எங்கள் வாத்தியக்காரர் இரவெல்லாம் கண்விழித்து அமைத்த பின்னணி இசை முழுவதும் ஏழு தட்டுகளில் இருந்தது. அதைக் காப்பாற்றத்தான் சாலாக் செலாத்தானுக்குப் புறப்பட்டோம்.

கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் வரலாம். பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வேயில் உழைத்த நம்மவர்களால் வளர்ந்த இடம் அது. அங்கே வேறு இரயில் மாறினால் மிட்வேலி, செபூத்தே, அடுத்தது சாலாக் செலாத்தான். அங்கு ஓர் அடுக்குமாடி வீட்டில், பழைய இசைக்கருவிகளைப் பழுது பார்க்கும் நம் தம்பி ஒருவர் இருக்கிறார்.

கருவியைத் திறக்கும் முன் அவர் கேட்டது, "தட்டுகள் எங்கே, சார்?" என்பதுதான். மூன்றரை அங்குலத் தட்டுக்குள் காந்தப் பூச்சு பூசிய மெல்லிய படலம் இருக்கிறது. ஈரமும் பூசணமும் அதற்கு எமன். புதிய தட்டு வாங்குவதும் அரிது. சோனி நிறுவனமே 2011 மார்ச்சில் ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆகவே முதல் வேலை, தட்டில் உள்ளதைக் கணினியில் பிரதி எடுப்பது. ரோலண்டு எக்ஸ்.பி.50 போன்றவற்றின் தட்டுகளைக் கணினி படித்துவிடும். என்சோனிக் கருவிகள் சில தமக்கென்று தனி முறையில் எழுதுவதால், அவற்றைச் சாதாரண யூ.எஸ்.பி. பிளாப்பி பெட்டி படிக்காது.

அடுத்து, பழைய பெட்டியைக் கழற்றி, அதே அளவுள்ள 'கோடெக்' என்னும் பெட்டியை வைக்கிறார்கள். 34 முனைகள் கொண்ட பட்டைக் கம்பியும் மின்கம்பியும் அதில் பொருந்துகின்றன. தட்டுக்குப் பதில் பென்டிரைவ்! ஒரு பென்டிரைவில் நூற்றுக்கணக்கான தட்டுகளின் பிரதிகளை எண்ணிட்டு வைக்கலாம். பொத்தானை அழுத்தி எண்ணைத் தேர்ந்தால், கருவி அதை உண்மைத் தட்டென்றே நம்பிப் படிக்கிறது.

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே மாதிரி அமைப்பு ஒத்துவராது. சிலவற்றுக்குத் 'தட்டு தயார்' என்ற சைகை வேண்டும். சிலவற்றுக்குத் 'தட்டு மாறியது' என்ற சைகை. 'பிளாஷ்பிளாப்பி' என்னும் இலவச மென்பொருளை ஏற்றினால் இதைச் சரிசெய்துகொள்ளலாம்.

கம்பி, திருகாணி போன்ற உதிரிப் பொருட்களுக்கு ஜாலான் பாசார் போகலாம். சாலாக் செலாத்தான் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து செராஸ், சான் சோவ் லின் தாண்டி மூன்றாவதாக வரும் புடுவில் இறங்குங்கள். மின்னணுப் பொருட்களுக்குப் பேர் பெற்ற தெரு அது. பழைய பெட்டியின் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

எங்கள் ஏழு தட்டுகளில் ஐந்து பிழைத்தன. இரண்டில் பூசணம் ஏறிவிட்டது. அவற்றிலிருந்த பாட்டுகள் போனவை போனவைதாம். இரண்டாண்டு முன்னதாக வந்திருந்தால் அவையும் கிடைத்திருக்கலாம் என்றார் தம்பி.

ஆகவே வாசகர்களே, பழைய கீபோர்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தட்டுகளை உலர்ந்த டப்பாவில் வையுங்கள். மின்சாரம் துண்டித்த பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். பழகாத கை திறக்கக் கூடாது. படிவம் ஐந்து முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கோ, இது கற்றுக்கொள்ளத்தக்க நல்ல கைத்தொழில். அடுத்த மழைக்காலத்திற்குள் அந்தச் சாமான் அறையை ஒருமுறை திறந்து பாருங்கள்.