கருவியும் கண்ணும்

கோத்தகிரியில் நிழற்படத் தொழில் பயில்வோர்க்கு முதல் ஆசிரியன் மூடுபனியே. கோடநாட்டுக் காட்சிமுனையில் காமிராவுடன் நான் காத்து நின்ற காலைகள் பல. பனி விலகினால் மாயாற்றுப் பள்ளத்தாக்குத் தோன்றும், மறுகணமே மறைந்துவிடும்.

காட்சிகளைப் போலவே கருவிகளும் மறைகின்றன. உதகையில் 1960இல் நிறுவப்பெற்ற ஆலையின் ‘இந்து’ படச்சுருள் இன்று இல்லை. சுருளை விட்டு மின்னணுக் காமிராவை ஏற்றபோது, கற்ற வித்தை வீணாகுமோ என்று அஞ்சினேன். இருட்டறை வேலை போயிற்று. ஒளியைக் கணிக்கும் பழக்கமும் பொறுமையும் என்னோடு வந்தன.

அவ்வேளையில் எனக்குத் துணிவளித்தது மா. கிருஷ்ணனின் (1912–1996) வாழ்வு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான அவர், சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். 1949இல் அச்சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் நிழற்படத்தையுமே தொழிலாகக் கொண்டார். பல காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தமக்கென ஒன்றை அமைத்துக்கொண்டார். வண்ணப்படம் பெருகிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே போற்றினார். முதுமலை யானைகளின் இயல்பை நேரில் கண்டு படமெடுத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றி எழுதினார். பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தது.

அவர் படங்களுக்கு உயிரளித்தது காமிரா அன்று. யானையைப் பற்றிய அறிவே. மாணவர்களே, புதிய கருவி வரும்போது அதனைத் தயங்காது கற்றுக்கொள்ளுங்கள். ஆயினும், எதனைப் படமெடுக்க விரும்புகிறீர்களோ அதனை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அவ்வறிவு எக்காலத்தும் பழமையடைவதில்லை.