சாண்டில்யன் வீட்டில் ஒரு கிடார்!

‘கடல் புறா’, ‘யவன ராணி’ ரெண்டும் உங்க தாத்தா அலமாரியில் கட்டாயம் இருக்கும். அதை எழுதின சாண்டில்யனோட பேரன் யார் தெரியுமா? ராகவேந்திரா. அப்பா, மிருதங்க வித்வான் ஸ்ரீமுஷ்ணம் ராஜா ராவ். இப்படி ஒரு வீட்டுப் பையன் என்ன பண்ணணும்? மார்கழியில் சபா மேடை ஏறணும். இவரோ கிடாரைத் தூக்கிட்டு, பேரையும் மாத்திக்கிட்டு, ‘ஷான் ரோல்டன் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’னு பேண்ட் ஆரம்பிச்சார். பேர்தான் ஃபாரின். பாட்டு தமிழ்!

இதுல என்ன பெரிய விஷயம்ங்கறீங்களா? நம்ம கல்ச்சுரல்ஸ் மேடையைப் பாருங்க. ராக் போட்டின்னா மெட்டாலிகா. லைட் மியூசிக்னா சினிமா. சொந்தமா தமிழ்ல எழுதி, கிடார் வாசிச்சுப் பாடுறவன் எந்த வரிசையில நிக்கறது? போன வருஷம் ஒரு காலேஜ்ல (பேர் வேணாம் பாஸ்) எங்க பேண்டை ரெண்டு வரிசையிலும் சேர்த்துக்கலை.

சென்னையில் ராக்குக்குன்னு பேர் வாங்கின இடமும் அடையாறுலதான் இருந்தது. ‘ஜூன் ராக் அவுட்’ நடந்த அன்வைண்ட் சென்டர், இப்ப இல்லை. இருந்திருந்தாலும் ஆவடியிலேர்ந்து கிடார் பையோட மின்சார ரயில்ல தொங்கி, சென்ட்ரல்ல இறங்கி, பஸ் பிடிச்சு... ம்ஹூம், ஸ்ட்ரிங் மிஞ்சாது!

2014-ல ஷான் ரோல்டன் சினிமாவுக்கு வந்தார். ‘வாயை மூடி பேசவும்’ படத்துல வைரஸ் வந்து ஊருக்கே பேச்சு போயிடும். இரண்டாம் பாதியில் வசனமே கிட்டத்தட்ட கிடையாது. முதல் படத்துலயே, பேச வேண்டியது மியூசிக்! அதே வருஷம் ‘முண்டாசுப்பட்டி’, ‘சதுரங்க வேட்டை’. 2016-ல ‘ஜோக்கர்’. அதுல ‘ஜாஸ்மினு’ பாட்டைப் பாடினது, அதுவரைக்கும் நம்மள்ல பல பேர் கேள்விப்படாத சுந்தரய்யர். தேசிய விருது அவருக்கு! அப்புறம் ‘பவர் பாண்டி’, ‘ஜெய் பீம்’, ‘குட் நைட்’னு வண்டி நிக்கவே இல்லை.

“இண்டியை வித்துட்டாருடா”ம்பான் எங்க பேஸ் கிடாரிஸ்ட். எனக்கு அப்படித் தோணலை. சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, கானா... இது மூணையும் விட்டா தமிழ்ல காசு கொடுத்துப் பாட்டு கேட்க ஆள் எத்தனை? ஜாமிங் ரூம் வாடகை கட்டினவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

‘குரங்கன்’ பேண்டிலிருந்து வந்த டென்மா வேற ரூட். பா.இரஞ்சித்தோட முயற்சியில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறினப்ப கானா, ராப், ராக் மூணும் ஒண்ணா நின்னுச்சு. அயோத்திதாசரோட ‘சாதியற்ற தமிழர்’ சிந்தனையிலேர்ந்து வந்த பேர் அது. இட ஒதுக்கீட்டைப் பத்தியெல்லாம் பாட்டு! பிறகு அவரும் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படங்களுக்கு இசை போட்டார். சினிமா வாசலுக்கு வராம யாராலயும் முடியலைங்கறது கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பேருமே வரும்போது கையில சொந்தமா ஒரு சத்தம் வெச்சிருந்தாங்க.

எங்க ட்ரம்மர் ஃபைனல் இயர். ஆகஸ்ட்ல பெங்களூர்ல ஜாயினிங். அதுக்குள்ள அண்ணனூர் மொட்டைமாடியில, ரயில் போற கேப்புல, நாலு பாட்டு ரெக்கார்ட் பண்ணணும். ரெண்டு முடிஞ்சுது. அம்பத்தூர் எஸ்டேட் நைட் ஷிஃப்ட் பத்தின மூணாவதுக்கு இன்னும் பல்லவி சிக்கலை.