லாடம் அடிக்க ஆளில்லாத ராஜா!

திருச்செந்தூர் வரைக்கும் வந்து, சாமி கும்பிட்டு, கடல்ல காலை நனைச்சுட்டு அப்படியே பஸ் ஏறுகிற ஆளா நீங்க? அப்ப இந்த வாரம் உங்களுக்காகத்தான். தெற்கே இன்னும் ஒரு 18 கிலோமீட்டர் போங்க. குலசேகரன்பட்டினம் தாண்டினதும் இடது பக்கம் கடல் எட்டிப் பார்க்கும். அங்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் ஒரு வெள்ளைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். அதுதான் மணப்பாடு.

நானும் நண்பனும் தூத்துக்குடியிலிருந்து பைக்கில் கிளம்பினோம். பழையகாயல், ஆத்தூர், ஆறுமுகநேரி, திருச்செந்தூர், குலசை என்று சுமார் 60 கிலோமீட்டர். எல்லாம் ஜாலியாகத்தான் போனது. ஊருக்குள் நுழையும் வளைவில் தார் ரோட்டின் மேல் மெல்லிசாக மணல் பரவிக் கிடந்ததை நண்பன் கவனிக்கவில்லை. முன்பிரேக்கைப் பிடித்தான். அவ்வளவுதான்... வண்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். முழங்கையில் சிராய்ப்பு, பேண்ட்டில் ஓட்டை. நல்லவேளை, அதோடு போச்சு.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார். எங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இதுல ஒரு வரி கூட இல்லையே. மொட்டையா கெடக்கு. மாட்டுக்குன்னா லாடம் தேஞ்ச உடனே மாத்திருவோம். நீங்க ரெண்டு உசிர வச்சுக்கிட்டு இத ஓட்டுறீய?"

அவர் உடன்குடிப் பக்கம் வண்டி மாடுகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவராம். மணப்பாட்டில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தோம். பேச ஆரம்பித்தார். சர்ச் பார்க்க வந்த நாங்கள், அன்றைக்கு லாடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு திரும்பினோம்!

எட்டு லாடம் ஒரு மாட்டுக்கு

குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரு லாடம், வளைவாக ஒரே துண்டு. மாட்டுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்குமே... அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, மொத்தம் எட்டு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவிச் சமமாக்கி, அப்புறம்தான் ஆணி. நம்ம நகம் மாதிரிதான் குளம்பின் வெளிச்சுவரும். வெட்டினாலும் ஆணி அடித்தாலும் வலிக்காது. ஆனால் ஆணி கொஞ்சம் உள்ளே திரும்பினால் போச்சு, மாடு நொண்ட ஆரம்பித்துவிடும்.

"அண்ணாச்சி, இரும்பே வழுக்குமே. தார் ரோட்டுல எப்படிப் பிடிக்கும்?" என்று நண்பன் கேட்டான்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குக் குளிர்நாட்டுக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பதில் தேடியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி நூலகத்தில் புரட்டியபோது அது தெரிந்தது. பனி உறைந்த தெருவில் சாதா லாடம் போட்ட குதிரை கண்ணாடி மேல் நடக்கிற மாதிரிதான் நடக்கும். அதனால் ஒவ்வொரு உறைபனிக்கும் லாடத்தைக் கழற்றி, அதன் முனைகளைக் கூர்மையாக அடித்து, திரும்பப் பூட்ட வேண்டும். இராத்திரி பனி கொட்டினால் காலையில் கொல்லன் பட்டறை முன்னால் குதிரைகள் கியூவில் நிற்கும். அடிக்கடி ஆணி அடித்து அடித்துக் குளம்பும் பொத்தலாகிவிடும்.

1812இல் நெப்போலியன் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது நடந்தது இதுதான். பனிக்கேற்ற லாடம் இல்லாத குதிரைகள் சரிவுகளில் விழுந்து எழ முடியாமல் செத்தன. பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. கோலன்கூர் என்ற அதிகாரி மட்டும் முன்யோசனையாக அரண்மனைக் குதிரைகளுக்கு முள் வைத்த லாடம் அடித்து வைத்திருந்தார். அந்தக் குதிரைகள் நடந்தன.

அதற்குப் பிறகு 19ஆம் நூற்றாண்டில் ஒரு சுலபமான வழி வந்தது: கழற்றி மாட்டும் பிடிப்பு. லாடத்தை ஒருமுறை அடித்தால் போதும். அதில் மரை போட்ட துளைகள் இருக்கும். பனி என்றால் கூர் முள்ளைத் திருகி மாட்டு, பனி போனால் கழற்று. கொல்லனைத் தேடிப் போக வேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும். அமெரிக்காவில் 'நெவர்ஸ்லிப்' என்றே பெயர் வைத்து விற்றார்கள். 'வழுக்கவே வழுக்காது' என்று அர்த்தம். நம்ம ஊர் விளம்பரம் மாதிரியே இல்லை?

இன்றைக்கும் குதிரை தாண்டும் போட்டிகளில் இதே முறைதான். தரை இறுகியிருந்தால் சின்னக் கூர்முனை, சேறாக இருந்தால் பெரிய தடித்த முனை. போட்டி முடிந்ததும் கழற்றி, துளைக்குள் மண் அடையாமல் எண்ணெய் நனைத்த பஞ்சை வைத்து மூடிவிடுவார்கள். கழற்றாமல் விட்டால் குதிரை தன் காலைத் தானே மிதித்துக் காயப்படுத்திக்கொள்ளும். பிடிப்பு அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான். காலை ஊன்றும்போது குளம்பு கொஞ்சம் சறுக்கி நிற்பது இயற்கை. அதைச் சுத்தமாகத் தடுத்துவிட்டால் அந்த அதிர்ச்சி முழுக்க மூட்டுக்கும் தசைநாருக்கும் போகும்.

"அதான் தம்பி" என்றார் பெரியவர், வேறு எதையோ சொல்ல வந்து. "இரும்பு எந்தக் கடையிலயும் கெடைக்கும். தரையப் பாக்கணும், காலப் பாக்கணும். அதத் தெரிஞ்சவன்தான் லாடக்காரன்."

தங்கம் கொடுத்தார்... ஆள் வைக்கவில்லை!

இந்த வரியைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் வந்த வழியிலேயே ஒரு ஊரைத் தாண்டி வந்தோமே... பழையகாயல். இன்றைக்குக் கடலிலிருந்து உள்ளே தள்ளி, அமைதியாக இருக்கும் ஊர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ பார்த்து வியந்த காயல் துறைமுகம் இந்தப் பகுதிதான் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் துறைமுகம் தூர்ந்து போயிற்று.

அந்தத் துறையில் என்ன இறங்கியது தெரியுமா? குதிரை! ஓர்மஸ், கிஷ், ஏடன் என்று அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை. முத்தை விற்ற காசு குதிரையாக வந்து இறங்கியது. பாண்டிய ராஜாவும் அவருடைய நாலு சகோதரர்களும் ஆளுக்கு வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சாதாம். கணக்கில் அவர் கொஞ்சம் தாராளம் காட்டியிருக்கலாம். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் பெரிய எண்ணிக்கைதான் சொல்கிறார். ஒரு வணிகர் மட்டும் வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒன்றுக்கு 220 தங்க தினார், செத்துப்போன குதிரைக்கும் சேர்த்து அரசு கஜானாவிலிருந்து பணம்!

ஏன் செத்தன? சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்களாம் குதிரைக்கு. புல்லும் பார்லியும் தின்று வளர்ந்த ஜீவன் என்ன ஆகும்? பாலைவனக் காய்ச்சலில் இறுகிய குளம்பு நம்ம கடற்கரை ஈரத்தில் என்ன ஆகும்? இதையெல்லாம் கவனிக்க வேண்டியவர் லாடம் அடிப்பவர். அந்தக் காலத்தில் குதிரைக்கு வைத்தியமும் அவர்தான். அவர் இந்த நாட்டில் இல்லை என்கிறார் மார்க்கோ போலோ. அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம்: குதிரை வியாபாரிகள் லாடக்காரரைக் கூட்டி வருவதில்லை. வேறு யாரும் இங்கே வந்துவிடாமலும் தடுத்தார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் வியாபாரம் எப்படி நடக்கும்?

நரியைப் பரியாக்கிய கதை நமக்குத் தெரியும். மாணிக்கவாசகர் கொடுத்த வாக்குக்காக வந்த குதிரைகள் இராத்திரியோடு இராத்திரியாக நரியாகி ஓடிப்போயின. கதையில் ஒருமுறைதான் அப்படி. மார்க்கோ போலோவை நம்பினால், காயலில் வருஷா வருஷம் லாயம் காலியாகியிருக்கிறது. 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. அதற்கும் லாடத்துக்கும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. ஆனால் இத்தனை தங்கம் கொடுத்த அரசு, பத்து இளைஞர்களை உட்கார வைத்து அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

குதிரை வியாபாரி கொண்டுவந்த மாற்றம்

மணப்பாட்டுக்கும் குதிரைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கடுமையான நெருக்கடியில் இருந்தார்கள். அப்போது குமரி முனைக்குக் குதிரை விற்க வந்த ஒருவர், கள்ளிக்கோட்டையைச் சேர்ந்த ஜோவான் த குரூஸ், கொச்சிக்குப் போய் போர்ச்சுகீசியர்களிடம் பாதுகாப்புக் கேளுங்கள் என்று பட்டங்கட்டிகளுக்கு யோசனை சொன்னார். அவர்கள் போனார்கள். ஒரு கரை முழுக்க மதம் மாறியது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர் தங்கிய குகை மணப்பாட்டு மேட்டின் கடலோரத்தில் இன்னும் இருக்கிறது. 1544இல் அவர் இங்கிருந்து எழுதிய கடிதங்களும் இருக்கின்றன.

உச்சியில் இருக்கிற திருச்சிலுவை ஆலயம் 1581இல் கட்டப்பட்டது. புயலில் தப்பிய ஒரு கப்பலின் உடைந்த பாய்மரத்தில் செய்த சிலுவைதான் தொடக்கம் என்று ஊரில் சொல்வார்கள். செப்டம்பர் 14 திருவிழாவுக்குப் போனீர்கள் என்றால் மணலே தெரியாது, தலைதான் தெரியும். ஊருக்குள் யாகப்பருக்கும் ஒரு கோயில் உண்டு. ஸ்பெயின், போர்ச்சுக்கல் மரபில் அவரை வெள்ளைக் குதிரை மேல்தான் வரைவார்கள். மேற்கே உள்ளே போனால் குதிரைமொழித் தேரி, செக்கச் செவேல் என்று மணல்காடு. அங்கே தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். அய்யனார் என்றாலே குதிரைதானே!

சாயங்காலம் மேட்டில் ஏறினோம். செருப்போடு ஏறினால் ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. கழற்றினோம். விரல்கள் மணலைக் கவ்வின. உதிரி மணலுக்கு முள்ளும் வேண்டாம், இரும்பும் வேண்டாம், வெறுங்கால் போதும். பெரியவர் சொன்ன 'தரையப் பாக்கணும்' அப்போதுதான் உறைத்தது. மேலே நின்றால் ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் கருமேனி ஆறு கடலைத் தொடும் கழிமுகம். அலைச்சறுக்குப் பலகையோடு சிலர் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்தபோது பெரியவர் அங்கேயே இருந்தார். "உங்க பசங்க யாராச்சும் இந்த வேலை பாக்குறாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் துபாய்ல, ஒருத்தன் கோயம்புத்தூர்ல. பந்தய மாடு வச்சிருக்கவுக இன்னும் என்னத் தேடி வருவாக. எனக்குக் கண்ணு மங்குது. ஆணிய எங்க எறக்கணும்னு கை சொல்லும், கண்ணு சொல்லாது. கேட்டா சொல்லித் தரலாம். யாரும் கேக்கல தம்பி."

பதில் சொல்லத் தெரியவில்லை. குலசையில் 2024இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதே ரோட்டில், பந்தய மாட்டுக்கு லாடம் கட்ட அடுத்த ஆள் இல்லை. ராக்கெட் வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் நம்மில் எத்தனை பேருக்குச் சொந்த வண்டியின் செயினை இறுக்கத் தெரியும்? போன் கீழே விழுந்தால் புதுசு, பேக் ஜிப் போனால் புதுசு. வாங்கத் தெரிகிறது, பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. அந்தப் பாண்டிய ராஜாவைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

சரி, நீங்கள் கிளம்பலாம். திருச்செந்தூரிலிருந்து பஸ் இருக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு மேட்டில் ஏறுங்கள், வெறுங்காலோடு. பனையோலைப் பெட்டி கிடைத்தால் வாங்குங்கள். உடன்குடிக் கருப்பட்டி, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, அதையும் மறக்காதீர்கள். பைக்கில் போவதாக இருந்தால் முதலில் டயரைத் தடவிப் பாருங்கள்.

நண்பன் மறுநாளே டயர் மாற்றினான். அதோடு, மெக்கானிக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து டயரைக் கழற்றவும் கற்றுக்கொண்டு வந்தான். அடுத்த மாதம் அந்தப் பெரியவரைப் பார்க்கத் திரும்பவும் போகிறோம். வழியில் எங்கேயாவது மாட்டைச் சாய்த்து லாடம் அடித்துக்கொண்டிருந்தால் நீங்களும் வண்டியை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்களேன்!