எஹலியகொட மலைப்பாதையிலே

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அவிசாவளையைக் கடந்ததும் காற்றிலே ஈரம் ஏறுகின்றது. இருமருங்கும் இறப்பர் மரங்கள் நிரைநிரையாக நிற்கின்றன. அவற்றின் மார்பிலே பால் ஏந்தும் சிரட்டைகள். தலைநகரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றரில் எஹலியகொட என்னும் சிறுநகர் வந்துவிடுகின்றது. 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டிய களனிவெளிப் புகையிரதம் ஒரு காலத்தில் இவ்வூர் வழியாகவே ஓடிற்று. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதை 1970களில் மூடப்பட்டபின், இங்குள்ளோர்க்குத் தெருவே கதியாயிற்று.

தெருவை விட்டுத் தோட்டப் பாதையில் திரும்பினால் வேறோர் உலகம். கீழே வயல்வெளிகளில் மாணிக்கக் குழிகள். மணி கிடைக்கும் சரளைப் படைக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பெயர். மேலே செம்மண்ணும் கருங்கல்லும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பொழியும் மழை பாதையை அறுத்து ஓடையாக்கிவிடுகின்றது. பஸ் ஏறாத அம்மேட்டிலே லயங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் படிக்கும் பாடசாலையும் இருக்கின்றது. அங்கே மோட்டார் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. அவசரத்தில் நோயாளியையும் அதுவே சுமக்க வேண்டும்.

எம்மிடம் படித்த இளைஞர் ஒருவர் அத்தகைய பாடசாலையொன்றில் ஆசிரியராக இருக்கிறார். நாம் அவரைக் காணச் சென்ற அன்று, நகரிலுள்ள ஒரு கராஜில் தம் பழைய சைக்கிளுடன் நின்றுகொண்டிருந்தார். முன்சில்லு கல்லிலே துள்ளி வழுக்கியதால் அந்த மாதம் இருமுறை விழுந்துவிட்டாராம். ஒருமுறை பின்னால் தாயாரும் இருந்திருக்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேதான் மீண்டும் தொடங்கிற்று. இடையில் பழைய சைக்கிளும் எட்டாக்கனியாயிற்று. ஆகவே, பந்தயச் சைக்கிளொன்றில் கழற்றிய தடித்த முன்போர்க் ஒன்றை வாங்கி மாட்ட எண்ணினார். பல மாதச் சேமிப்பு அவர் சட்டைப் பையில் இருந்தது.

கராஜிலிருந்த தோட்டத்து இளைஞர் சிரித்தார். "சேர், இது தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்துக்குச் சரி. அங்கே உயரப் பாய்ந்து விழுவார்கள். நீங்கள் பாய்வதில்லையே!"

பாய்ந்து விழும் பாரத்தைத் தாங்கச் செய்த வன்மையான ஸ்பிரிங், மெதுவாக ஏறுபவரின் கீழ் சிறு கல்லுக்கு அசையாது என்று அவர் விளக்கினார். மேலும், போர்க் நீண்டால் சைக்கிளின் முகம் உயர்ந்து, வளைவிலே திரும்பச் சுணங்கும். அச்சும் பிரேக்கும் பொருந்தாவிட்டால் அதற்கு வேறு செலவு.

போர்க் என்பது ஒன்றினுள் ஒன்று சறுக்கும் குழாய்கள் கொண்ட இரு கால்களேயாம். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கும். ஒயில் சிறு துளைகளினூடே புகுந்து அத்துள்ளலை அடக்கும். 1908இல் இங்கிலாந்தின் ஸ்கொட் சைக்கிளிலேயே சறுக்கும் குழாய்கள் இருந்தன. ஒயிலால் துள்ளலை அடக்கும் போர்க்கை 1935இல் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர்12 சைக்கிளில் கொணர்ந்தது.

இளைஞர் முன்சில்லை நிலத்தினின்று உயர்த்தி, உட்குழாயில் ஒரு நூலைக் கட்டிச் சீலோடு ஒட்டி வைத்தார். ஆசிரியரைப் புத்தகப் பையுடன் மெல்ல ஏறி அமர்ந்து இறங்கச் சொன்னார். 200 மில்லிமீற்றர் அசைய வேண்டிய போர்க் 25 மில்லிமீற்றரே அமிழ்ந்திருந்தது. மொத்த அசைவில் காற்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை அமிழ வேண்டும். அப்போதுதான் சில்லு பள்ளத்திலும் இறங்கி நிலத்தைப் பற்றும். மூடியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது: முந்திய சொந்தக்காரர் ஸ்பிரிங்கின்மேல் நீண்ட இரும்புத் துண்டு வைத்து இறுக்கியிருந்தார். அத்துண்டு முகத்தை உயர்த்துமேயன்றி ஸ்பிரிங்கை வலுவாக்காது. ஒயிலும் குழம்பாகத் தடித்திருந்தது. அதனால் அமிழ்ந்த போர்க் விரைந்து மீளாமல், அடுத்தடுத்த கற்களில் மேலும் தாழ்ந்து இறுகிப்போயிற்று.

துண்டுகள் குறைக்கப்பட்டன, அமிழ்வு 60 மில்லிமீற்றராயிற்று. புதிய சீல்கள் இட்டு, 10ஆம் தரப் போர்க் ஒயிலை இரு காலிலும் ஒரே மட்டத்துக்கு ஊற்றினார். ஒயிலுக்கு மேலுள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டம் உயர்ந்தால் காற்றிடம் சுருங்கி, அசைவின் கடைசிப் பகுதி கடினமாகும். செலவு, சேமிப்பில் ஒரு சிறு பங்கே.

மாலையில் அவர் பின்னே அமர்ந்து தோட்டம்வரை சென்றோம். குலுக்கம் இருந்தது, ஆனால் முன்சில்லு கல்லைவிட்டு எழவில்லை. வாசலில் காத்திருந்த தாயார், "இன்றைக்கு விழவில்லையா, தம்பி?" என்றே முதலில் கேட்டார்.

இயந்திரம் பழகும் மாணவர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக. வன்மை வேறு, உறுதி வேறு. ஓட்டுபவரின் எடையையும் பாதையின் குணத்தையும் அளந்த பின்னரே பொருளின் விலையைக் கேட்க வேண்டும். ஓடி வந்ததும் குழாயிலுள்ள சேற்றைக் கழுவிவிடுங்கள். காய்ந்த மண் சீலைக் கிழிக்கும். வடியும் ஒயில் பிரேக்கிற் பட்டால் பிடி நழுவும். எஹலியகொட மேடுகளில் நாளையும் மழை பெய்யும். பாதை செப்பனிடப்படும் நாள்வரை, பள்ளிக்கூட மணி தவறாமல் அடிப்பது இத்தகைய சிறு கவனங்களாலேயே.