மூன்று கொட்டேஷன்

எனக்குக் கணக்கு வரும் என்பதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அரசுத் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். செகந்திராபாத் பத்மாராவ் நகரில் எங்கள் குடியிருப்பின் தண்ணீர் லாரி பில்லில்கூட மூக்கை நுழைப்பவன். அந்தத் திமிரில்தான் 2024இல் மேல்வீட்டுப் பெண் நீட்டிய மனுவில் கையெழுத்துப் போட மறுத்தேன்.

அவள் மகனுக்கு எஸ்எம்ஏ. மரபணுக் கோளாறால் தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் நோய். ரிஸ்டிப்லாம் என்ற மருந்தை தினமும் வாயில் விட வேண்டும். ரோஷ் கம்பெனியின் பாட்டில் அப்போது சுமார் 6.2 லட்சம் ரூபாய். 20 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்கு 12 நாள் வரும். அரிய நோய்க்கு மத்திய அரசு தரும் உதவிக்கு உச்சவரம்பு 50 லட்சம். எட்டு பாட்டில், மூன்று மாதம். பிறகு? வரம்பை எடுங்கள் என்பதுதான் மனு.

லிஃப்ட் வாசலில் நின்றபடி தெலுங்கில் வகுப்பெடுத்தேன். இந்தப் பணத்தில் எத்தனை பேருக்கு டயாலிசிஸ் செய்யலாம் என்று. சக்கர நாற்காலியில் பையன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "பரவாலேது அங்கிள்" என்று அவள் காகிதத்தை பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டாள்.

கல்நெஞ்சன் இல்லை நான். 2021இல் இதே ஊரில் இதே நோய் கொண்ட ஒரு சிறுவனின் 16 கோடி ரூபாய் ஊசிக்கு ஊரே பணம் திரட்டியபோது நானும் போட்டேன், 80ஜி ரசீது உண்டா என்று விசாரித்துக்கொண்டு. தருமமாகக் கேட்டால் கொடுப்பேன். உரிமையாகக் கேட்டதும் எரிச்சல் வந்தது. 2014இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி மன்மோகன், ரிக்‌ஷாக்காரர் மகனுக்குக் கௌச்சர் என்ற அரிய நோய்க்கான மருந்தை டெல்லி அரசு இலவசமாகத் தர வேண்டும், பணமில்லை என்று கைவிரிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்ததும் எனக்குத் தெரியும். பட்ஜெட் அவரா போடுகிறார் என்று முணுமுணுத்தேன்.

2025 அக்டோபரில் என் கணக்கு கவிழ்ந்தது. காப்புரிமையைக் காட்டி, வேறு கம்பெனி அந்த மருந்தை விற்கத் தடை கேட்ட ரோஷின் கோரிக்கையை டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு தள்ளுபடி செய்ய, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுக்க, இதே ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதே மருந்தை பாட்டில் 15,900 ரூபாய்க்கு இறக்கியது. அந்த 50 லட்சம் இப்போது பத்து வருஷத்துக்கு வரும்.

ஆபீசுக்கு இரும்பு பீரோ வாங்கினால் மூன்று கொட்டேஷன் எங்கே என்று ஃபைலைத் திருப்பியவன் நான். 6.2 லட்சத்தை யார் வைத்தது, எதனால் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தணிக்கை செய்தேன்.

அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. நானே நல்ல சேதி சொல்கிற மாதிரி, விலை குறைந்த செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கௌச்சர் நோய்க்கான ஊசி இன்றும் லட்சங்களில்தான். அதற்கொரு மனு வந்தால் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்ல ஆசை. என் கை முதலில் கால்குலேட்டரைத்தான் தேடும்.