காந்தல்லூர்ப் பழத்தோட்டத்தில் ஒரு நாள்

பாலக்காட்டிலிருந்து இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மலைகளுக்கு நேர்வழியில் செல்ல விரும்புவோர், கேரளத்தை விட்டு நீங்கி மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை ஆகிய தமிழகத்து ஊர்களைக் கடந்து, சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடே மலையேறினால் மறையூர் வரும். அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது காந்தல்லூர். சென்ற ஆகஸ்டு மாதத்தில், நமது சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு மாணாக்கர் பதினெண்மரை இவ்வழியே பழம் பறிக்க அழைத்துச் சென்றேன். மாணாக்கர் தொகை குறைந்துவருவதால் வகுப்பை நிறுத்திவிடலாமா என்று சங்கத்தில் பேச்சு எழுந்திருந்த வேளை அது.

கேரளம் என்றாலே ஓயாத மழை என்று எண்ணியிருந்த பிள்ளைகள், சின்னாற்றில் முட்புதர்களையும் கள்ளியையும் கண்டு வியந்தனர். மேற்கிலிருந்து வரும் மேகங்கள் உயர்ந்த முகடுகளிலேயே நீரைக் கொட்டிவிடுவதால் இப்பக்கம் மழைமறைவுப் பகுதியாயிற்று என்று விளக்கினேன். இங்கு ஓடும் பாம்பாறு, கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளுள் ஒன்று. அமராவதியோடு கூடிக் காவிரியை அடைவது.

மறையூரில் சந்தன மரக் காடுகளையும், முனியறை எனப்படும் பழங்காலக் கற்பதுக்கைகளையும் கண்டோம். கரும்பாலைகளில் வெல்லம் காய்ச்சும் மணம் சாலை வரை வந்தது. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

காந்தல்லூர் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. கேரளத்தில் ஆப்பிள் பயிராகும் மிகச் சில ஊர்களுள் இதுவும் ஒன்று. பிளம்ஸ், பீச், ஆரஞ்சு, மரத்தக்காளி ஆகியனவும் இங்கே விளைகின்றன. தோட்டக்காரப் பெரியவர் முதலில் பறிக்கும் முறையைக் கற்பித்தார். பழத்தை இழுக்கலாகாது, உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, மெல்லத் திருக வேண்டும். முற்றிய பழம் காம்போடு கைக்கு வந்துவிடும். அவசரக்காரச் சிறுவன் ஒருவன் வெடுக்கென்று இழுக்க, பழத்தோடு அதனைத் தாங்கிய குறுங்கிளையும் முறிந்தது. பெரியவர் கோபிக்கவில்லை. “தம்பி, அடுத்த வருஷத்துப் பூவும் இந்தச் சிறு கிளையில்தான் வரும். பழத்தை எடுத்துக்கொள், கிளையை மரத்துக்கு விட்டுவிடு” என்றார். அதன்பின் ஒரு கிளையும் முறியவில்லை.

கூடைகளை நிறுத்துப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி, “ஐயா, நீங்கள் எப்போது இங்கே குடிவந்தீர்கள்?” என்று வினவினாள். “எங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்தவர்கள், அம்மா. எத்தனை தலைமுறை என்று என் பாட்டனாருக்கே கணக்குத் தெரியாது” என்றார் அவர். மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தல்லூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு என வழங்குவதையும் சொன்னார்.

இப்பகுதி திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. தேவிகுளம் தாலுகாவைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமென்ற கிளர்ச்சி நடந்தும், 1956 நவம்பர் 1 அன்று அது கேரளத்தோடு சேர்ந்தது. அதே நாளில்தான் சென்னை மாநிலத்தின் மலபார் ஜில்லாவிலிருந்த பாலக்காடும் கேரளத்தின் பகுதியாயிற்று. அரசுகள் மாறின, ஆயினும் அப்பெரியவர் வீட்டு மொழி மாறவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர். அடுப்பங்கரையில் தமிழ் பேசுகின்றனர். ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

திரும்பும் வழியில் அச்சிறுமி, “நாம் குடிவந்து முப்பது வருஷம்தானே ஆகிறது? அதற்குள் என் தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லையே!” என்றாள். வண்டியில் இருந்த பெரியோர் ஒருவரும் மறுமொழி கூறவில்லை. மறு ஞாயிறன்று அவள் தன் தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். மாணாக்கர் இப்போது பத்தொன்பதின்மர்.

ஆப்பிள் காண விரும்புவோர் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் செல்க. குளிருக்குக் கம்பளி உடை வேண்டும். சின்னாற்றுக் காட்டில் யானைகள் நடமாடுவதால் பகலிலேயே கடந்துவிடுதல் நலம். வகுப்பு ஞாயிறுதோறும் வழக்கம்போல் நடைபெறும். பிள்ளைகளை அனுப்பி வைப்பீர்களாக.