எட்டுக்கால் பூச்சி விரதம் இருந்தால்...

நாய் சாப்பிடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம். கோழி தீனி எடுக்கவில்லை என்றால் பல்லடம் பக்கத்துப் பண்ணைக்காரர் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்லிவிடுவார். எட்டுக்கால் பூச்சி சாப்பிடவில்லை என்றால்? பொங்கலூரில் ஒரு கல்லூரி மாணவனுக்கு வந்தது இந்தப் பிரச்சினைதான்.

அவன் வளர்ப்பது சிலி நாட்டு ரோஜா டரான்டுலா. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி. ஐந்து வாரமாக, போட்ட கரப்பானைத் தொடவே இல்லை.

டரான்டுலா ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சேலம் பகுதியில் வாழும் ஓர் இனத்தை 1899-லேயே போகாக் என்ற ஆங்கிலேயர் விவரித்திருக்கிறார். ராமேஸ்வரத்து இனத்துக்கு 2004-ல் அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரையே வைத்தார்கள். இவையெல்லாம் அழிந்துவரும் உயிர்கள். மரப்பொந்தில் இருக்க வேண்டியவை, பெட்டியில் அல்ல. 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

சரி, பட்டினிக்கு வருவோம். பையன் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அவன் அமுச்சி சொன்னது இதுதான்: "ஏங்கண்ணு, பட்டுப்புழு தோலுரிக்கறப்ப யாராச்சும் தழை போடுவாங்களா? உட்டுப்போட்டுச் சும்மா இரு."

அமுச்சி உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவர். பட்டுப்புழு கூடு கட்டுவதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போலத் தின்பதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்கும். அப்போது தழை போடக்கூடாது, புழுவைத் தொடவும் கூடாது. சிலந்திக்கும் இதே கதைதான். ஆனால் புழுவுக்கு ஒரு நாள் என்றால், டரான்டுலாவுக்கு வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

ஏன் சாப்பிடுவதில்லை? தோலுரிக்கும்போது வெளித்தோல் மட்டும் கழல்வதில்லை. தொண்டையின் உள்தோலும், உணவை உறிஞ்சும் இரைப்பையின் உள்தோலும் சேர்ந்தே உரிந்து வருகின்றன. புதிய பற்கள் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். பிறகு சிவந்து, கறுத்து, கெட்டிப்பட வேண்டும். அதுவரை எதைக் கடிக்க முடியும்? அந்தச் சமயத்தில் உயிருள்ள கரப்பானைப் பெட்டியில் விட்டுவைத்தால் கரப்பான்தான் சிலந்தியைக் கடிக்கும்!

இது விரதமா, சாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றைப் பார்க்க வேண்டும். உருண்டையாக இருந்தால் கவலையில்லை. முடி உதிர்ந்து வழுக்கையான இடம் கறுத்துக்கொண்டே வந்தால் தோலுரிக்கத் தயாராகிறது என்று அர்த்தம். மாறாக, வயிறு சுருங்கி, கால்கள் உடம்புக்கடியில் மடங்கிப்போனால் ஆபத்து. காரணம் பெரும்பாலும் பசி அல்ல, தாகம். சிலந்திக் காலின் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கத்தான் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. ஜேசிபியின் கையைப் போல உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான் கால் நீள்கிறது. தண்ணீர் வற்றினால் கால் மடங்கிவிடும்.

பொங்கலூரில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சித்திரை வெயில் ஒரு பக்கம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இன்னொரு பக்கம். பெட்டி சீக்கிரம் காய்ந்துவிடும். ஆழமில்லாத கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். மருந்தடித்த தோட்டத்திலிருந்து பூச்சி பிடித்து வந்து போடக்கூடாது. அந்த அறையில் கொசு மருந்தும் வேண்டாம். கொசுவைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. சிலி ரோஜா தோலுரிக்காமலேயேகூடப் பல மாதம் சாப்பிடாமல் இருக்கும். இன்னொன்று, வயதுக்கு வந்த ஆண் சிலந்தி. இணை தேடி அலைவதே அதன் வேலை, சாப்பாட்டில் நாட்டம் குறைந்துவிடும். பெண் இருபது வருடம்கூட வாழும். ஆணுக்கோ கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு அதிக நாள் இல்லை. அதை எந்த வைத்தியமும் மாற்றாது.

ஒன்பதாவது வாரம் அந்தச் சிலந்தி மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். குச்சியால் புரட்டிப் போடச் சொன்னார்கள். பையன் தொடவில்லை. டரான்டுலா மல்லாந்துதான் தோலுரிக்கும், செத்தால் பொதுவாக மல்லாந்து கிடக்காது என்பது அவனுக்குத் தெரியும். சில மணி நேரத்தில் பழைய தோல் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் புது முடியோடு சிலந்தி. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் கழித்துத்தான் இரை போட்டான்.

ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற அறிஞர் 1974 முதல் கவனித்துவந்த '16-ம் எண்' சிலந்தி, டரான்டுலாவின் தூரத்து உறவு. ஒரே வளையில் இருந்துகொண்டு, வாசலுக்கு வந்த இரையை மட்டும் தின்று 43 வருடம் வாழ்ந்தது. கடைசியில் அதைக் கொன்றது பட்டினியல்ல, ஒரு குளவி என்று 2018-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பிடித்த உயிருக்குச் சோறு போடுவதுதான் நமக்குத் தெரிந்த அன்பு. சிலந்தியிடம் அது செல்லாது. தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் வளர்ப்புதான். சொல்லப்போனால் அதுதான் கஷ்டமான வளர்ப்பு!